ஓடுதளத்துக்கு எதிரே இரண்டு ஏக்கர்

"சார், இன்னொரு தடவை சொல்றேன். நிலம் உங்க பேர்லயேதான்..." என்று ஆரம்பித்தாள் விமானப்படைத் தளத்திலிருந்து வந்திருந்த நில அதிகாரி. மீதியைத் தலைக்கு மேலே போன விமானம் விழுங்கிவிட்டது.

ஜன்னல் கண்ணாடிகள் நறநறவென்று பல்லைக் கடித்தன. பெரியவர் இரண்டு கைகளாலும் காபிக் கோப்பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்த வீட்டுக்குக் குடிவந்த பன்னிரண்டு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே வித்தை அதுதான்.

"இப்போ சொல்லுங்கம்மா," என்றார், சத்தம் அடங்கியதும்.

"நிலம் உங்க பேர்லயேதான் இருக்கும். விதைக்கலாம், அறுக்கலாம், மாடு மேய்க்கலாம். புதுசா கட்டடம் மட்டும் எழுப்பக் கூடாது. கட்டாம இருக்கிறதுக்குத் தளம் உங்களுக்கு ஒரு விலை கொடுத்துடும். நாளைக்கு உங்ககிட்டேருந்து யார் வாங்கினாலும் இதே கட்டுப்பாடுதான்."

"ரொம்ப நியாயம்."

"அப்போ கையெழுத்துப் போட்டுடலாமா?" பேனாவை நீட்டினாள்.

பெரியவர் சட்டைப் பையைத் தடவினார். "மூக்குக் கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியலையே..."

"நெத்தியில," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. மனைவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். இது மூன்றாவது தடவை. அந்தப் பெண் வருவதும் மூன்றாவது தடவை.

"இடையில ஒண்ணு கேட்கலாமா சார்? இவ்வளவு சத்தத்துல ஏன் வீடு கட்டினீங்க?"

"புத்திசாலித்தனம்தான்," என்றார் பெரியவர். "அடிமாட்டு விலைக்குக் கிடைச்சுது. ஒரு பொருள் மலிவாக் கிடைச்சா, ஏன் மலிவுன்னு கேட்கணும் இல்லையா? நான் கேட்கலை. அப்போ பறந்ததெல்லாம் கொசு மாதிரி சின்ன விமானம். கொசு வளராதுன்னு நினைச்சேன். சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டவன்னு என் போட்டோவை மாட்டலாம்."

"மாட்டினா நிக்காதும்மா. அடுத்த விமானத்துக்கே கீழ விழுந்துடும்," என்றாள் மனைவி உள்ளிருந்தே.

நில அதிகாரி சிரித்துவிட்டாள். "அடுக்குமாடி கட்டறவங்க உங்ககிட்டயும் வந்தாங்களாமே?"

"ஞாயித்துக்கிழமை வந்தாங்க. அன்னைக்குத்தானே எதுவும் பறக்காது! முந்நூறு வீடு கட்டுவாங்களாம். 'அமைதியான சூழல்'னு போர்டுகூடக் கையோட கொண்டுவந்திருந்தாங்க. போர்டோட அனுப்பி வச்சேன்."

"அவங்களுக்கும் தர மாட்டார், உங்களுக்கும் கையெழுத்துப் போட மாட்டார்," மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "என்னதாங்க உங்க பிரச்சினை?"

பெரியவர் நான்காம் பக்கத்தைப் புரட்டினார்.

"சுத்தியிருக்கிற பதினோரு பேரும் போட்டாச்சு சார். உங்க ரெண்டு ஏக்கர்தான் பாக்கி. ஓடுதளத்துக்கு நேர் எதிர்ல இருக்கிறதும் இதுதான். போன மாசம் இஞ்சின் நின்னுபோய் ஒரு பயிற்சி விமானம் இறங்கினது..."

"எங்க சோளக்கொல்லையிலதானே!" மனைவியின் குரல் தழைந்தது. "நான்தாம்மா ஓடிப்போய்த் தண்ணி கொடுத்தேன். பாதித் தண்ணியைச் சட்டையிலயே ஊத்திக்கிட்டான், அதை ஓட்டின பிள்ளை. அந்த நிலையிலயும், 'உங்க பயிரை நாசம் பண்ணிட்டேம்மா, மன்னிச்சுடுங்க'ங்கறான்."

"அந்த இடத்துல முந்நூறு வீடு இருந்திருந்தா..."

நில அதிகாரி வாக்கியத்தை முடிக்கவில்லை. பெரியவர் பத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் பக்கம் புரளவில்லை.

நில அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டுப் பையிலிருந்து பழுப்பேறிய ஃபைல் ஒன்றை எடுத்தாள். "இந்தத் தொல்லையே வந்திருக்க வேண்டாம் சார். இருபது வருஷத்துக்கு முன்னாடியே இதே திட்டம் போட்டிருக்காங்க. அப்போ இங்க ஒரு குடிசைகூடக் கிடையாது, சுலபமா முடிஞ்சிருக்கும். ஆனா ஃபைல் ஒரு மேதாவி கையில சிக்கிடுச்சு. 'தேவையில்லை. இந்தப் பொட்டலில் எந்த மடையன் வந்து வீடு கட்டப் போகிறான்?'னு கைப்பட எழுதித் திருப்பி அனுப்பிட்டார். கீழ பேர்கூட இல்லை, கிறுக்கலா ஒரு கையெழுத்துதான். ஆபீஸ்ல புதுசா யார் சேர்ந்தாலும் முதல்ல இதைத்தான் காட்டுவோம்."

"சிரிப்பாங்களோ?"

"வயிறு வலிக்க."

பெரியவரும் சிரித்தார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. புரையேறி, மனைவி தலையில் தட்ட வேண்டியதாயிற்று. "வடிகட்டின முட்டாளா இருந்திருப்பான்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பிறகு ஜன்னல் வழியாகச் சோளக்கொல்லையைப் பார்த்தார். நடுவே விமானம் உழுதுவிட்டுப் போன பள்ளம் இன்னும் மூடவில்லை.

"பேனாவைக் கொடுங்கம்மா... கையெழுத்துக்குப் பதிலா கைநாட்டு வச்சா ஒத்துக்குவீங்களா?"

"படிச்ச மனுஷனுக்குக் கைநாட்டு எதுக்கு? போடுங்க!" என்றாள் மனைவி.

ஒரு மூச்சை இழுத்துவிட்டு, ஐந்து பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தைத் தள்ளிவைத்தார்.

நில அதிகாரி மலர்ந்த முகத்துடன் அதை எடுத்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். பழைய ஃபைலைத் திறந்து பார்த்தாள். மறுபடி பத்திரத்தைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

"சார்... இது..."

"இருபது வருஷத்துக்கு முன்னாடி உங்க நாற்காலியில உட்கார்ந்திருந்தது நான்தாம்மா," என்றார் பெரியவர். "எழுதின மேதாவியும் நான்தான், வந்து கட்டின மடையனும் நான்தான்."