நாற்காலித் துண்டு

தேர்தல் தள்ளிக்கொண்டே போனதால் ஊராட்சித் தலைவரின் நாற்காலி பல வருடமாகக் காலியாகக் கிடந்தது. அதன் முதுகில் பழைய தலைவர் விட்டுப்போன பூத்துண்டு தொங்கியது. ஜனங்கள் துண்டுக்கு வணக்கம் வைத்து மனுக் கொடுத்தார்கள். குழாய்த் திறப்பு விழாக்களுக்கும் அதைத்தான் கூட்டிப்போய் மாலை போட்டார்கள்.

ஒருவழியாகத் தேர்தல் வந்து செல்லக்கிளி ஜெயித்தாள். முதல் நாளே துண்டை முகர்ந்தவள் முகம் சுளித்து, அதைத் துவைத்து வாசல் கொடியில் காயப்போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மதியம்வரை ஒருவரும் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தாள். கொடியில் ஆடும் துண்டின் முன்னால் வெயிலில் நீண்ட வரிசை.

"தள்ளாதீங்கய்யா, தலைவர் ஈரமா இருக்காரு. காஞ்சதும் எல்லாரையும் பாப்பாரு" என்றார் ஊராட்சிச் செயலர் மயிலேறும்பெருமாள்.

"நான்தான்யா தலைவர்!"

"தெரியும்மா, உங்களுக்குத்தான ஓட்டுப் போட்டோம்" என்றார் வரிசையில் முதலில் நின்றவர். "அதுக்காக மனுவ உங்ககிட்டயா குடுக்க முடியும்?"

செல்லக்கிளி உள்ளே போனாள். செயலர் இன்னும் பீரோச் சாவியைத் தரவில்லை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துவந்து, வரிசையின் கடைசியில் நின்றாள்.

காற்றடித்தது. துண்டு மெல்ல அவள் பக்கம் திரும்பியது. எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.