கயிறு இல்லாத கடை

உப்பளத்தில் ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த அஞ்சலாட்சியின் பெட்டிக்கடை அன்று திறந்திருந்தது. ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த நெடுமாறன், சிகரெட் பற்றவைக்க எப்போதும் புகைந்துகொண்டு தொங்கும் கயிற்றைத் தேடினான். ஆணி மட்டும்தான் இருந்தது.

“கயிறு எங்கக்கா?”

“எடுத்துட்டேன். சிகரெட்டும் இனிமே விக்கறதில்ல.”

“சிகாமணி அண்ணன எப்படி சம்மதிக்க வெச்சீங்க?” என்று அவள் கணவனைப் பற்றிக் கேட்டுச் சிரித்தவனை இருமல் பிடித்துக்கொண்டது. அடங்க நேரமாயிற்று.

“ரெண்டு மாசமா ஸ்டாண்டுல இப்படித்தான் இருமறியாமே? அவரு சொன்னாரு.”

“வெறும் சளிக்கா.”

“நாங்களும் சளின்னுதான் சிரப்பு வாங்கினோம். ஸ்கேன் எடுத்தா நுரையீரல்ல புத்துநோய்க் கட்டி. சின்னதா இருக்கும்போதே பாத்ததால வெட்டி எடுத்துட்டாங்க.”

நெடுமாறனின் முகம் வாடியது. “அண்ணன் ரெண்டு பாக்கெட் ஊதற ஆளு. நான் ஒரு நாளைக்கு நாலுதான்க்கா.”

“அவருக்கு ஒண்ணுமில்ல.”

அஞ்சலாட்சி விலாவைக் கையால் தாங்கிக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

“பதினெட்டு வருஷம் அந்தக் கயித்துக்குக் கீழ உக்காந்து, அவரும் நீங்களும் விட்ட புகையெல்லாம் நான்தான் குடிச்சேன்.”

அவள் கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஆஸ்பத்திரிக்கு விடு. தையலக் காட்ட எனக்கு ஒரு ஓ.பி. சீட்டு, இருமலக் காட்ட உனக்கு ஒரு சீட்டு. ரெண்டையும் போட்டுக்கினு அவரு அங்க நிக்கறாரு.”