ஏழாவது ஜோடி பூட்ஸ்

ஒலிக்கூடத்தின் திரையில், பாலத்தைத் தகர்க்கப் போன ஏழு கமாண்டோக்களில் ஆறு பேர் விடியலில் முகாமுக்குத் திரும்புகிறார்கள். படத்துக்குக் காலடி ஓசை கொடுப்பவர் திரையின் நீல வெளிச்சத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிறார். ஆளுக்கொரு ஜோடி பூட்ஸ் மாட்டி, ஜல்லித் தட்டில் தனித்தனியாக நடந்தவர், அவர்கள் கிளம்பிப் போகும் காட்சிக்கு நடந்த பழக்கத்தில், திரும்பும் காட்சிக்கும் ஏழு பேருக்கு நடந்துவிட்டார். "ஏழு பேர் சத்தத்தையும் ஒண்ணாக் கலந்தாச்சுண்ணே, ஒண்ணை மட்டும் பிரிக்க முடியாது. சாயங்காலம் படம் போகணும். உங்க கால் வேற தாங்காது. ஒரு ஆள் கூடினா யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார் ஒலிப்பதிவாளர். "கேட் பக்கத்துல, திரும்பி வராதவன் பொண்டாட்டி நிக்கிறாளே, அவ எண்ணுவா" என்கிறார் இவர். திரையில் அந்தப் பெண் சத்தம் கேட்டு நிமிர்கிறாள். ஒலிப்பதிவாளர் படத்தைப் பின்னுக்கு ஓட்டுகிறார். இவர் ஏழாவது ஜோடியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, முதல் ஜோடியின் கயிற்றைக் கட்டக் குனிகிறார்.