பதினாலாம் நம்பர் காளை

"அம்மா, தட்டு சூடாயிடுச்சா?"

ஆய்வக ஜன்னல் வழியே சோதனைக்குழாயை நீட்டிக்கொண்டே கேட்டார் கொட்டகைக்காரர். எந்நேரமும் காளைகளின் காதில் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பதால், அந்த விந்துப் பண்ணையில் அவருக்கு 'முணுமுணு' என்றே பெயர்.

உள்ளே இருந்த கால்நடை டாக்டருக்கு எரிச்சலாக வந்தது. நாலு மாதமாகத் தினமும் இதே கேள்வி. மைக்ராஸ்கோப்பின் சூட்டுத் தட்டைப் பற்றி இவருக்கு என்ன வந்தது?

"ஆயிடுச்சு, குடுங்க. எந்தக் காளை?"

"இருபத்திரெண்டும்மா."

குழாய் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துவிட்டுக் குனிந்தார் டாக்டர்.

நூற்றுக்கு எழுபது விந்தணுக்கள் துள்ளி ஓடின. போன மாதம்தான் காய்ச்சலில் கிடந்த காளை. கடந்த இரண்டு முறையும் முப்பதைத் தாண்டவில்லை. மூன்றாவது முறையும் தோற்றால் கசாப்பு லாரி. பண்ணையின் சட்டம் அது.

இன்னும் உற்றுப் பார்த்தார்.

பத்துக்கு ஒரு விந்தணுவுக்கு வால் நுனி கொக்கி போல வளைந்திருந்தது. இந்தப் பண்ணையில் அந்தக் கொக்கி வால் ஒரே ஒரு காளைக்குத்தான். பதினாலாம் நம்பருக்கு.

பதினாலை லாரியில் ஏற்றி நாலு மாதம் ஆகிறது. ஏற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே இவர்தான்.

உறைய வைத்த பழைய சரக்காக இருந்தால் கரைசல் கலந்திருக்கும். இது இப்போதுதான் எடுத்தது. செத்த காளையின் விந்து, சுடச்சுட!

டாக்டர் கொட்டகைக்கு ஓடினார். பதினாலின் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் மற்ற காளைகள் எதுவும் தீவனத்தில் வாய் வைக்கவில்லை. அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. பின்னால், பூட்டியே கிடக்கும் பழைய நோய்க் கொட்டகையின் பக்கம்.

பட்டப்பகல்தான். ஆனாலும் அடிமேல் அடி வைத்துத்தான் அதை நெருங்கினார்.

உள்ளே ஏதோ தரையைத் தட்டியது. டொக்... டொக்...

பலகை இடுக்கில் கண்ணை வைத்தார். சூடான மூச்சு கன்னத்தில் பட்டது. உள்ளேயிருந்து இன்னொரு கண், பெரிதாக, கறுப்பாக, இமைக்காமல் இவரையே பார்த்தது.

டாக்டர் போட்ட அலறலில் முணுமுணு ஓடிவந்து பூட்டைத் திறந்தார். உள்ளே கொழுகொழுவென்று பதினாலு.

"இது... சாகலையா?"

"லாரி முன்வாசல்ல போய்ப் பின்வாசல்ல வந்துச்சும்மா. ஓட்டினது என் மச்சான்."

பயம் போனதும் டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதோடதை எடுத்துட்டு வந்து இருபத்திரெண்டுன்னு புளுகினீங்களா? எத்தனை பேர் வீட்டுப் பசுவுக்குப் போற சரக்கு! பதிவேடு பூரா பொய்யாயிடாது?"

"தப்புதாம்மா. காய்ச்சல் கண்ட காளை ரெண்டு மாசத்துல தேறிடும். அதுக்குள்ள லாரி வந்துடுமேன்னுதான்..."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். நம்பி வேலைக்கு வச்சா இப்படியா துரோகம் பண்ணுவீங்க? இன்னைக்கே மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதறேன். உங்க வேலை போயிடும், பார்த்துக்குங்க."

"எழுதுங்கம்மா." முணுமுணு காளையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

"மூணு தடவை தோத்த காளை எப்படி இப்ப எழுபது ஓடுது? என்ன ஊசி போட்டீங்க?"

"ஊசியெல்லாம் இல்லம்மா. காலைல எப்பவும் பதினாலுதான் முதல் ஆளு. அப்போ நல்ல குளிர் வேற. நீங்க பார்த்து முடிச்சதும் நான்தானே தட்டைத் துடைப்பேன்? மூணு தடவையும் தொட்டா சில்லுன்னு இருந்துச்சு."

குளிர்ந்த கண்ணாடியில் நல்ல விந்தணுவும் அசையாமல்தான் கிடக்கும். லாரி போன மறுநாளே டாக்டருக்கும் அது உறைத்திருந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை, அவ்வளவுதான்.

முணுமுணு குரலைத் தாழ்த்தினார்.

"ரிப்போர்ட்ல எம் பேரைத் தாராளமா எழுதிக்குங்கம்மா. தட்டு விஷயத்தை மட்டும் எழுதிடாதீங்க. சின்னப் பிள்ளைங்களை வச்சிருக்கீங்க, உங்க வேலை போயிடும்."