பத்தொன்பது பிழைகள்

“என் பதில்ல கை வைக்க உனக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது?”

பிழை திருத்துபவர் கத்திய கத்தலில் கம்ப்யூட்டர் பெண் எழுந்து போய் முதலில் கதவைச் சாத்தினாள்.

“கொஞ்சம் மெதுவா பேசுங்க சார்.”

“நான் எதுக்கு மெதுவா பேசணும்? தப்பு பண்ணினது நீ.”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர்கள் வேலை பார்க்கும் பதிப்பகத்தில் விடுமுறை விதிகளைப் பற்றி ஆன்லைனில் ஒரு கருத்துக் கணிப்பு நடந்தது. மனம் திறந்து எழுதலாம், யார் பெயரும் வராது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். படிவத்தைத் தயாரித்தவள் இந்தப் பெண்தான். ஊழியர்கள் பத்தொன்பது பேரும் எழுதினார்கள்.

இன்று காலைக் கூட்டத்தில் பதில்களைப் பெரிய திரையில் போட்டார்கள். பார்த்ததும் பிழை திருத்துபவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் எழுதிய ‘விடுமுறை’, திரையில் ‘விடுமுரை’ ஆகியிருந்தது. அவருடையது மட்டுமா? பத்தொன்பதிலும் அதே சின்ன ‘ர’.

“இருபத்திரண்டு வருஷமா அடுத்தவங்க பிழையைத் திருத்திச் சாப்பிடறவன் நான். என் எழுத்துலயே பிழையா? மானம் போச்சு.”

“எப்படி சார் போகும்? அதுலதான் பேரே இல்லையே.”

“கிண்டலா? இரு, மேனேஜருக்கே எழுதறேன். எல்லார் பதிலையும் நீ மாத்திட்டேன்னு.”

போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். அவள் தடுத்தாள்.

“சார், ரெண்டே நிமிஷம். முதல்ல வந்த பதில் ஒண்ணுல, ‘விடுமுரை கேட்டால் மேனேஜர் நாயை விரட்டுவது போல் விரட்டுகிறார்’னு இருந்துச்சு. மேனேஜர் அதைத் தன் போன்லயே படிச்சிட்டார். என்னைக் கூப்பிட்டு, எழுதினது யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னார். அது பேர் வராத படிவம், முடியாதுன்னேன். சிரிச்சார்.”

“சிரிச்சாரா?”

“‘பேர் வராட்டி என்ன, எழுத்து வருதே. எல்லாரோட பழைய லீவு லெட்டரையும் எடுத்துட்டு வா. சின்ன ர போடறது யாருன்னு பார்த்துட்டா, வேலையை விட்டுத் தூக்கிடலாம்’னார்.”

பிழை திருத்துபவரின் விரல் நின்றது.

“அக்கிரமம். அத்தனை பேர் முன்னாடி வாக்குக் குடுத்த மனுஷன் செய்யற காரியமா இது? சரி, அந்த ஒரு பதிலை மட்டும் நீ திருத்தியிருக்கலாமே?”

“திருத்தினாலும், படிச்சது அவர் மனசுல நிக்குமே சார். அந்த லெட்டர் ஃபைலை விட மாட்டார். பத்தொன்பதும் தப்பா இருந்தா, எதை வச்சுத் தேடுவார்?”

“யாரு எழுதினது?”

“வேணாம் சார்.”

அவள் சொல்லத் தேவையில்லை. பேக்கிங் அக்காதான். பெட்டிகள் மேல் ‘முரையாக அடுக்கவும்’ என்று அந்த அக்கா சீட்டு ஒட்டியபோது, அதைக் கிழித்தெடுத்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மேனேஜர் ஊரில் இல்லாத அன்று ஆபீஸ் முழுக்கக் காட்டிச் சிரித்தவர் இவர்தான். அந்த வீட்டில் சம்பாதிக்க அக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதும் இவருக்குத் தெரியும்.

“மத்தவங்க யாரும் கவனிக்கலை சார். கவனிச்சது நீங்களும் மேனேஜரும்தான்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள், ஊழியர்கள் எல்லோரும் இருக்கும் ஆபீஸ் குழுவில் மேனேஜரின் செய்தி வந்து விழுந்தது.

‘பிழை திருத்துபவர் உடனே பதில் சொல்லவும். கருத்துக் கணிப்பில் நீங்கள் எழுதியதை யாராவது மாற்றியிருக்கிறார்களா?’

இருவரும் படித்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் அதுவரை தட்டி வைத்திருந்த புகாரை அழித்தார். பிறகு எழுத்தெழுத்தாகத் தேடி அடித்து, ஆபீஸ் மொத்தமும் பார்க்கும்படி அனுப்பினார்.

‘யாரும் மாற்றவில்லை சார். விடுமுரையை நான் எப்போதும் இந்த முரையில்தான் எழுதுவேன்.’