நாகநாதன் சொன்ன கேஸ்

“அந்த டாக்டர் யாருன்னு பேரைச் சொல்லுங்க சார். இந்தக் காலத்துல இப்படியும் ஒரு ஆளா!”

ஆசைத்தம்பி பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். காரைக்குடியில் புதிதாக டிஸ்பென்சரி போட்டிருந்த இளம் டாக்டர். அவர் குரல் ஹாலுக்கு வெளியேயும் கேட்டிருக்கும்.

செக்காலை ரோட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் டாக்டர்களுக்கான மறுபயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அன்று வகுப்பின் கடைசி ஞாயிறு. சுற்றுவட்டாரத்து டாக்டர்கள் ஆளுக்கொரு கேஸை எடுத்துச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து வரும் பேராசிரியர் சத்தியமூர்த்தி கேள்வி கேட்டு மார்க் போடுவார்.

கடைசியாக எழுந்து வந்தவர் நாகநாதன். ஒக்கூரில் வைத்தியம் பார்க்கிறார்; இந்தப் பக்கம் வந்தே இரண்டு வருஷந்தான் ஆகிறது. வகுப்புக்கு ஒரு வாரம்கூடத் தவறியதில்லை, ஆனால் யாரோடும் சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை.

அவர் சொன்னது, திருவாடானைப் பக்கம் இறந்துபோன ஒன்பது வயதுப் பெண்பிள்ளையின் கேஸ். வயிற்றுவலி, வாந்தி. பார்த்த டாக்டர் பூச்சி என்று மருந்து கொடுத்தார். வாந்தி நிற்கவில்லை. பிள்ளை துவண்டு போனதும் தெம்புக்கென்று குளுக்கோஸ் ஏற்றினார். மறுநாள் காலையில் மேல்மூச்சு வாங்கியது. மதுரைக்குக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். காளையார்கோவில் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

“சர்க்கரை வியாதி,” என்றார் சத்தியமூர்த்தி. “சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். அதுக்குப் போய்க் குளுக்கோஸ் ஏத்தியிருக்கார். பிள்ளையோட சிறுநீரை நாலு சொட்டு பெனடிக்ட் மருந்துல விட்டுக் காய்ச்சியிருந்தா, செங்கல் நிறமா மாறிக் காட்டிக் கொடுத்திருக்கும். அவர்கிட்ட அந்த மருந்து இல்லையா?”

“இருந்துச்சு சார். பெரியவுகளுக்கெல்லாம் அதுலதான் பாப்பாரு. பிள்ளைக்குப் பாக்கணும்னு தோணல.”

“பெத்தவுக ஒண்ணும் சொல்லலையா?” என்று கேட்டார் ஆசைத்தம்பி.

“அம்மா சொன்னா. சொம்பு சொம்பாத் தண்ணி குடிக்குது, பாயை நனைக்குது, பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்குதுன்னு எல்லாந்தான் சொன்னா. சித்திரை வெயிலு, குடிக்கட்டும்னுட்டாரு டாக்டர்.”

“வேற டாக்டர்கிட்டயாவது காட்டியிருக்கலாம்ல?”

“காட்டுவோம்னு அவ கெஞ்சினா. நான் இருக்கையில எதுக்குன்னு டாக்டர்தான் கேக்கல.”

அப்போதுதான் ஆசைத்தம்பி எழுந்து நின்று பேரைக் கேட்டார். நாகநாதன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்பெஞ்சுகளிலும் முணுமுணுப்பு எழுந்தது.

ஆசைத்தம்பி விடவில்லை. “கூட வேலை பாக்குறவர்னு மறைக்காதீக சார். அந்த ஆளு இன்னமும் ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருக்காரா?”

“போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி.”

முணுமுணுப்பு சட்டென்று நின்றது. ஆசைத்தம்பி கையெடுத்துக் கும்பிட்டார். “சார்... தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க சார்.”

“நீங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு எங்கிட்டாச்சும் போயிருவோம்னு எத்தனையோ நாளு நெனச்சிருக்கேன். இங்குட்டு வகுப்பு நடக்குதுன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன். இந்தக் கேஸு உங்க காதுல விழுந்தா, உங்ககிட்ட வர்ற பிள்ளையாச்சும் பொழைக்கும்ல.”

சத்தியமூர்த்தி மார்க் போடவில்லை. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

“டாக்டர், இந்தத் தொழில்ல தப்புப் பண்ணாத கை கிடையாது. என் கையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆனா இதை உள்ளேயே வச்சுப் புழுங்காதீங்க. அந்தப் பிள்ளையோட அம்மாவை ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க. மன்னிப்புக் கேளுங்க. திட்டினாங்கன்னா வாங்கிக்குங்க. அவங்களுக்கும் கொஞ்சம் ஆறும், உங்களுக்கும் ஆறும்.”

நாகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்குறாளே சார். தெனமும் அவதான் எனக்குச் சோறு போடுறா.”