கோரை பிடுங்கிய கை

மடு மாதா ஆணையாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கோட்டில் ஏறிச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். முன்பும் பண்ணியிருக்கிறேன்.

சிவநேசம் ஓங்கிய மண்வெட்டி, என் மச்சான் எமிலியானுஸின் முதுகில் பட்டுப் பிடியோடு முறிந்தது.

முறிந்த சத்தத்துக்கு கியூபெக்கின் லவால் நகரத்தில் நாய்கள் குரைத்தன. நாங்கள் நின்றதோ லவால் தாண்டி வடக்கே, அரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில்.

எமிலியானுஸ் சேற்றில் முழங்காலில் விழுந்தார். சிவநேசம் கையில் மிஞ்சிய துண்டாலேயே மிச்சத்தையும் கொடுத்தார்.

எல்லாம் புல்லால் வந்த வினை.

சிவநேசம் தன் சோளக்காணியை வெட்டி, ஓடையைத் திருப்பிவிட்டு, சதுப்பு நிலம் ஆக்கியிருந்தார். ஈரநில வங்கி என்று அதற்குப் பெயர். சதுப்பு உண்மையில் பிடித்துவிட்டது என்று பரிசோதகர் கண்டால் கிரெடிட்டை விடுவிப்பார்கள். வேறிடத்தில் சதுப்பை மூடி வீடு கட்டுகிறவன் அந்தக் கிரெடிட்டை வாங்கினால்தான் ஒரு கூடை மண்ணாவது கொட்டலாம்.

வாங்குகிறவரும் வந்து நின்றார், பளபளக்கிற சப்பாத்தோடு. லவாலில், எமிலியானுஸின் பின்வேலிக்கு அப்பால் கிடக்கிற குட்டையை மூடப்போகிறவர் அவர்தான். இன்றைக்குக் கிரெடிட் இல்லையென்றால் அந்தக் குட்டைக் காணியே வேண்டாம் என்று முதலே சொல்லியிருந்தார்.

"உங்களுக்கு நல்லதுதானே, நுளம்புத் தொல்லை ஒழியும்" என்று சிவநேசம் எமிலியானுஸுக்கு வாழ்த்துக்கூடச் சொல்லியிருந்தார். எமிலியானுஸ் தலையை ஆட்டினார். அவருடைய மனுசி, என் தங்கச்சி யோசெப்பின், அந்தக் குட்டையில் நிற்கிற நாரையோடு கதைத்துத்தான் காலைத் தேத்தண்ணி குடிப்பாள். பிள்ளைகள் ரொறொன்ரோவுக்குப் போன பிறகு அவள் வாய் திறந்து கதைக்கிறது அந்த நாரையோடு மட்டும்தான்.

எமிலியானுஸைச் சிவநேசத்தின் சதுப்பில் காவலுக்குச் சேர்த்துவிட்டவன் நான்.

பரிசோதகர் அம்மா, நெடிய கியூபெக்காரி, றப்பர் பூட்ஸோடு இறங்கினார். "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார். கோரைப் புல் எங்கே என்று கேட்டார். சதுப்புக்கு அத்தாட்சியே அந்தக் கோரைதான்.

கோரை வரம்பில் கிடந்தது. முதல்நாள் எமிலியானுஸ் ஒரு வேர் மிச்சமில்லாமல் பிடுங்கி, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார். தண்ணீர் சவரம் செய்த முகம்போல் மினுங்கியது.

"இந்த வருடம் விடுவிக்க முடியாது" என்றார் அம்மா.

பளபளத்த சப்பாத்து திரும்பிக் கார்ப்பக்கம் நடந்தது.

அதற்குப் பிறகுதான் மண்வெட்டி.

ஒரு குத்தில் எமிலியானுஸின் கடைவாய்ப்பல் பறந்தது. மீன் என்று நினைத்து ஒரு நாரை அதை அந்தரத்திலேயே விழுங்கிவிட்டு லவால் பக்கம் பறந்தது. இதை நான் இரண்டு கண்ணாலும் கண்டேன்.

சிவநேசம் அவருடைய தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினார். கடிக்கிற சாதி ஆமையொன்று எழும்பி வந்து சிவநேசத்தின் முழங்கையைக் கவ்வியது. மனிதர் பொருட்படுத்தவில்லை. ஆமை தொங்கத் தொங்கவே கழுத்தை நெரித்தார். சேற்றில் இரத்தம் கோலம் போட்டது.

"பொன்ஜூர், பொன்ஜூர்" என்று அம்மா கரையில் நின்று கத்தினார். பதற்றத்தில் அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை.

எமிலியானுஸ் ஒரு அடியையும் தடுக்கவில்லை, திருப்பி ஒரு கையும் ஓங்கவில்லை. குமிழி வருவது குறைந்துகொண்டு போனது.

நான் இழுத்துப் பார்த்தேன். எழுபத்தைந்து வயதில் இழுத்து என்ன வரும்? ஆமைதான் கையோடு வந்தது.

வாயை நம்பினேன்.

"விடும் காணும் சிவநேசம்! அது வயல் செய்த கை காணும்! கோரைக் களையைக் கண்டா சும்மா கிடக்குமே?"

சிவநேசத்தின் பிடி தளர்ந்தது.

அவர் உருத்திரபுரத்து ஆள், பரம்பரை வயல்காரர். தன் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார். பிறகு சேற்றிலேயே இருந்து விம்மத் தொடங்கினார்.

"ஓம் அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி. அது முளைச்ச நாளிலயிருந்து எனக்கும் கை அரிச்சுக்கொண்டுதான் இருந்தது. பல்லைக் கடிச்சுக்கொண்டு விட்டுட்டன்."

எமிலியானுஸைத் தூக்கி நிமிர்த்தினார். தன் ஜக்கெற்றால் அவருடைய வாய் இரத்தத்தைத் துடைத்தார்.

"பழக்கதோசம், சிவநேசம். குறை நினையாதையும்" என்றார் எமிலியானுஸ், ஒரு கட்டி இரத்தத்தைத் துப்பிவிட்டு.

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் கோரையை விட்டுவைப்பதாக எமிலியானுஸ் வாக்குக் கொடுத்தார். விற்க அடுத்த வருடம் வேறு ஆள் கிடைக்காமலா போகும் என்று நானும் தேற்றினேன்.

லவாலுக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். யோசெப்பின் ஐஸ்கட்டியைச் சீலையில் சுற்றி அவருடைய தாடையில் வைத்தாள். பின்வேலிக்கு அப்பால் தவளைகள் கத்தின. நாரை ஒற்றைக்காலில் நின்றது, தொண்டையில் ஏதோ சிக்கினதுபோல.

எமிலியானுஸ் பல் போன ஓட்டை தெரியச் சிரித்தார்.

அவர் பேசாலையில் பிறந்தவர். தகப்பன், பாட்டன் எல்லாருக்கும் கடல்தொழில். வயலில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை.